பெட்டிக்குள் மூன்றாவது பல்பு

வாத்து முட்டைகளைக் குழாய்க்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டு அவர் மனைவி கிளம்பினாள். தாய் வாத்து லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து அந்த முட்டைகள்தான் அவளுக்கு உலகம். பழைய மரப்பெட்டிக்குள் தன் தம்பியை விட்டு மூன்று ஹோல்டர் மாட்டச் சொல்லி, முட்டைகளுக்குச் சூடு கொடுக்க ஒன்றில் மட்டும் பல்பை எரியவிட்டிருந்தாள். மற்ற இரண்டும் குளிர் நாளுக்காம். சூட்டைக் காட்டும் முள் மீட்டர் ஒன்றும் பெட்டியில் இருந்தது.

"இன்னைக்கு நாளைக்குள்ள பொரிஞ்சுடும். முள்ளு சிவப்புக் கோட்டத் தாண்டாமப் பாத்துக்கங்க. தாண்டினா குஞ்சு உள்ளேயே வெந்துடும். அதுக்காக லைட்டையும் அணைச்சிடாதீங்க."

தைத்து முடித்த சீருடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள். சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நாளாகவே சிரிப்பும் கொஞ்சலும் பெட்டிக்கு. மிச்சம் மீதி இருந்தால் புருஷனுக்கு. மனிதருக்கு உள்ளூரப் பொறாமை. போயும் போயும் முட்டையைப் பார்த்தா என்று வெட்கம் வேறு.

உச்சி வெயிலில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. மூடியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தொழில் தெரிந்தவருக்கு யோசனையும் தொழில் வழியாகத்தானே வரும்! ஒரே குழாயில் இரண்டாவது திருகைத் திறந்தால் முதல் திருகில் தண்ணீர் குறைகிறது. கரண்டும் அப்படித்தான். இன்னொரு பல்பு மாட்டினால் இரண்டும் பங்கு போட்டுக்கொண்டு மந்தமாக எரியும், சூடு தணியும்.

மாட்டினார். பழைய பல்பு துளிகூட மங்கவில்லை. புதுசும் அதே மாதிரி பளிச்சென்று எரிந்தது. முள் ஏறியது.

"பங்காளி பத்தல போலிருக்கு" என்று மூன்றாவதையும் மாட்டினார். முள் ஓட ஆரம்பித்தது. குழாய்க்காரர் வெலவெலத்துப்போய் எலக்ட்ரீஷியன் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"ஐயோ மாமா! ஒவ்வொரு பல்பும் மெயின்லேருந்து தனித்தனியா எடுக்குது. பக்கத்துல எத்தன வந்தாலும் இதுக்கு வர்றது குறையாது. மொத்தமா இழுக்குறதுதான் கூடும். நீங்க அக்காவுக்கு ஆம்லெட் போட்டுக்கிட்டிருக்கீங்க!"

"அட, மாடித் தொட்டியிலேருந்து தனித்தனியா குழாய் எறக்கின மாதிரியா? இத முன்னாடியே சொல்லக் கூடாதாடா?"

"நீங்க கேட்டாத்தானே! மொதல்ல கழட்டுங்க. மூடிக்கு அடியில ஒரு பென்சில வைங்க."

அவசரத்தில் வெறுங்கையால் கழற்றினார். விரல்கள் வெந்துபோயின. முள் மெல்ல இறங்கியது. முட்டைகளிடமிருந்து சத்தமே இல்லை. அவர் பெட்டி முன் மண்டியிட்டார். பொறாமையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"கண்ணுங்களா, தெரியாமப் பண்ணிட்டேன். ஒரு சத்தம் குடுங்க" என்றார். அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் மனைவி வந்தாள். பென்சிலைப் பார்த்தாள், தரையில் கிடந்த பல்புகளைப் பார்த்தாள், புருஷனின் கொப்புளத்தைப் பார்த்தாள். ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள்.

"நீங்களே கேளுங்க" என்று அவர் காதில் வைத்தாள். உள்ளே யாரோ கதவைத் தட்டினார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முதல் குஞ்சு ஈரத்தோடு அவள் மடியில் உட்கார்ந்திருந்தது. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மறு கையால் அவர் விரல்களுக்கு மருந்து தடவினாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுங்க எல்லாம் வந்துட்டா, எனக்கு வர்றது இன்னும் கொறஞ்சிடுமோ?"

அவள் கை நின்றது. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தன நாளா உங்கள கவனிக்காதது என் தப்புதாங்க. இனிமே கொறையாது." பிறகு சிரித்துவிட்டாள். "ஆனா தம்பி போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டான். மொத்தமா இழுக்குறது கூடுமாமே! அப்ப களைப்பு எனக்குத்தானே? போய்ப் பாத்திரத்தக் கழுவுங்க."

"வெரல் வெந்திருக்கேடி!"

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"