பூட்ஸ் கழுவிய தண்ணீர்

அந்த வாரத்தில் அது பதினோராவது தோட்டம். வாழைத்தோட்டங்களில் ஏறி இறங்கி வாடல் நோய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அவள் வண்டியைக் கண்டாலே விவசாயிகளுக்கு முகம் சுண்டிப்போகும். முதுகுக்குப் பின்னால் 'மஞ்சக்காமாலை' என்று பட்டப்பெயர் வேறு. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அப்படி அலுத்துப்போயிருந்தது. இந்தப் பதினோராவது தோட்டம் கூடப்பிறந்த அண்ணனுடையது.

வாசல் குழாயை ஒட்டிய முதல் வரிசையில் நாலு மரங்களின் இலைகள் மஞ்சளித்து, மடிந்து தொங்கின. ஒரு மரத்தை வெட்டினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய தண்டுக்குள் செம்பழுப்பு வளையங்கள்.

"மருந்து ஏதாச்சும் இருக்கா பாப்பா?" என்றான் அண்ணன். நாற்பது வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"இல்லண்ணா. இது மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சை. தோட்டத்தையே மூடணும். உன் ஆயுசுக்கும் இனி இங்க இந்த வாழை வராது."

அவன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பக்கத்துத் தோட்டக்காரன் குடுத்த கன்னுதான் காரணம். இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"அவன் குடுத்த கன்னு கடைசி வரிசைல இருக்கு. அங்க எல்லாம் நல்லாத்தானே நிக்குது."

சொல்லும்போதே அவள் கண் குழாய்க்குப் போனது. ஒவ்வொரு தோட்டத்தை விட்டு வெளியேறும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கித் தேய்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் அவள் வாய் வலிக்கச் சொல்லும் சட்டம் அது. ஆனால் சாயங்காலம், கடைசித் தோட்டத்தில், உடம்பு கேட்காது. போகிற வழிதானே என்று அண்ணன் வீட்டுக் குழாயில் சேற்றைக் கழுவிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போவாள். ஒரு வருஷமாக இதே கதைதான்.

சொல்லாமலே போய்விடலாம். பக்கத்துத் தோட்டக்காரன் தலையில் விடியும்.

"அவன் மேல தப்பில்லண்ணா. என் பூட்ஸ்ல வந்த சேறு. இங்கதான் கழுவினேன்." குழாயைக் காட்டினாள். "ஆனா அந்தத் தண்ணி ரோட்டுப் பக்கம்தானே ஓடும்? எப்படிண்ணா உள்ள வந்துச்சு?"

அண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டான். பிறகு காலால் சருகை விலக்கினான். குழாயடியிலிருந்து முதல் வரிசை வரைக்கும் கையகல வாய்க்கால், கரை கட்டி, நேர்த்தியாக.

"நீ கழுவுற தண்ணி வீணாப் போகுதேன்னு நான்தான் வெட்டினேன் பாப்பா," என்றான். "நாலு மரமாச்சும் குடிக்கட்டுமேன்னு."