குளத்தில் விட்ட கெளுத்தி

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் குளத்தை ஒரு சுற்று நடந்து வர ஆறு நிமிடம் ஆகும். நான்கு பெஞ்சு, ஒரு டீக்கடை, ஒரு வாத்துக் குடும்பம். இந்த முறை எட்டுக் குஞ்சுகள் பொரித்தன. ஒரே வாரத்தில் ஐந்தாகிவிட்டன.

காலை நடைக்காரர்கள் பெஞ்சைச் சுற்றிக் கூடினோம். கூட்டம் என்றால் எங்கள் ஆட்களுக்கு முட்டிவலிகூட மறந்துபோகும்.

"டீக்கடை நாய்தான். வேற யாரு?" என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர்.

"அது தண்ணியப் பாத்தாலே ஓடும் சார்," என்றார் டீக்கடை அக்கா. என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

எனக்கு உண்மை தெரியும். போன வருடம் மகளுக்காக விரல் நீளத்தில் ஒரு கெளுத்தி வாங்கினேன். தொட்டியிலிருந்த மற்ற மீன்களையெல்லாம் தின்றுவிட்டு அது முழங்கை நீளத்துக்கு வளர்ந்து நின்றது. "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் மனைவி. பக்கெட்டில் கொண்டுவந்து இந்தக் குளத்தில்தான் விட்டேன். பெரிய புண்ணியம் செய்துவிட்டவனைப் போலப் படம் வேறு எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் முன்பு, மீசை வைத்த அதே வாய் ஒரு குஞ்சைக் கீழே இழுத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் குளத்தில் குப்பை போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். மானம் போய்விடுமே என்று பயந்தேன்.

நாயைக் காப்பகத்துக்கு அனுப்பச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் மேனேஜர். சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. எல்லோரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருக்கிறது.

மறுநாள் வண்டி வந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டே ஏறியது. அக்கா கடைக்குள்ளேயே நின்றுகொண்டார்.

அன்று மாலையே இன்னொரு குஞ்சைக் காணவில்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கடைக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடறேங்க்கா. காப்பகத்துக்குப் போய் நானே கூட்டிட்டு வரேன்."

அக்கா அடுப்பை அணைத்தார்.

"வேணாம். நானே போய்க்கிறேன்," என்றார். "மத்தவங்க தெரியாம கை தூக்குனாங்க. உங்களுக்குத் தெரியும்ல, சார்?"

நான்கு வருடமாக அவருக்கு நான் தம்பி.