அவர் கையில் கிடைத்தது

கொழுந்தன் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தான். "அண்ணி, அந்தப் பானைத் துண்டைக் குடுத்துடுங்க" என்றான்.

ஊருக்கு வெளியே பழைய நகரம் ஒன்றைத் தோண்டியவர்களில் என் கணவரும் ஒருவர். குழியின் பக்கச்சுவர் அவர்மேல் சரிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் விரல்களைப் பிரித்தபோது உள்ளே ஒரு பானைத் துண்டு இருந்தது. துணிமணியோடு அதையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சாவுக்கு ஈடாக அருங்காட்சியகம் தந்த காவலாளி வேலை இவனுக்குப் போயிற்று. அண்ணிக்கு அந்த வேலை வேண்டாமாம் என்று, என்னைக் கேட்காமலே இவன் அங்கே சொல்லியிருந்தான்.

"புதுக் கூடம் திறக்கறாங்க அண்ணி. உடைஞ்ச பெரிய தாழி ஒண்ணைத் துண்டு துண்டா ஒட்டி நிறுத்தியிருக்காங்க. வயித்துல ஒரு துண்டு மட்டும் இல்ல. உங்ககிட்ட இருக்கறதுதான்னு காப்பாட்சியர் மேடம் சொல்றாங்க."

"எங்கிட்ட இருக்குன்னு உங்க மேடத்துக்கு யாரு சொன்னது?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உங்க அண்ணன் செத்துதான் உன் சட்டைக்குக் கஞ்சி ஏறியிருக்கு. இதையும் வாரிக்கிட்டுப் போ."

"குடுக்கலேன்னா போலீஸ் வரும். அது சர்க்கார் சொத்து."

போலீஸுக்குப் பயந்து கொடுக்கவில்லை. தாழியில் அது போய் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாவது பார்க்கலாமே என்றுதான் கொடுத்தேன்.

கூடம் திறந்த மறுநாள் போனேன். தாழியின் வயிற்றில், துண்டு இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளைச் சாந்து அடைத்திருந்தார்கள்.

"பொருந்தல" என்றார் காப்பாட்சியர் அம்மாள். "அது வேற பானையோடது."

"அப்ப எனக்கே குடுத்துடுங்க."

"உள்ள வந்ததை வெளிய தர முடியாதும்மா. எங்க கிடைச்சதுன்னு தெரியாத துண்டுங்களோட போட்டாச்சு."

"எங்க கிடைச்சதுன்னு தெரியாதா? அவர் கையில கிடைச்சது!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் கொழுந்தனிடம், "இவங்களை வெளிய கூட்டிட்டுப் போப்பா" என்றார்.

அவன் என் முழங்கையைப் பிடித்தான்.

"தொடாத."

கையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். வாசலுக்குப் போகவில்லை. பின்பக்கம் ஓர் அறையைத் திறந்துவிட்டு, நடைபாதையைப் பார்த்தபடி நின்றான்.

"இதுல எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சுக்காத."

"நினைக்கல அண்ணி. சீக்கிரம்."

இரும்பு அலமாரியில் தட்டுத் தட்டாகப் பானைத் துண்டுகள். எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். எல்லாமே அதைப்போலத்தான் இருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, விரல்களை இறுக மூடிப் பார்த்தேன். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.