பூமாலை மாட்டிய ஆணிகள்

ஹாம்பர்க்கில், எல்பே ஆற்றின் ஒரு கிளைக் கால்வாயில், கட்டிய கப்பலை நீரில் இறக்குவதற்கென்று ஒரு முறை உண்டு. முட்டுக்கட்டைகளைத் தட்டியெடுக்கக் கப்பலுக்கடியில் நுழைகிறவன் தன் தொப்பியை வெளியே பலகை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான், வந்ததும் எடுத்துக்கொள்வான். எல்லா ஆணியும் காலியான பிறகுதான் மேஸ்திரி டியர்க், கப்பலை விடச் சொல்லிக் கையை உயர்த்துவார்.

இன்று கோமகன் வருகிறார். தொப்பி வரிசையைக் கண்ட முதலாளி லூடெமான் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது, எண்ணெய்ப் பிசுக்கு! கோமகன் கண்ணுல படற இடத்துலயா? அள்ளிச் சாக்குல போடு. ஆணிக்கு மாலை மாட்டு."

"முதலாளி, அதைப் பார்த்துத்தான் ஆளு வந்தாச்சான்னு…"

"வாயில்லையா உனக்கு? கேட்டுக்கோ. மேடையில என் பக்கத்துல நிக்கப்போற ஆளு நீ. அறிமுகம் பண்ணிவைக்கிறேன்."

அந்த அறிமுகத்துக்காகவே டியர்க் மாமனாரின் உயரத் தொப்பியை இரவல் வாங்கி வந்திருந்தார். சாக்கை எடுத்துத் தொப்பிகளை அள்ளினார்.

தம்பி ஹார்ம் சுத்தியலோடு வந்தான். "அண்ணே, தலையில புகைபோக்கி வச்சிருக்கியே, அடுப்பு எங்க?"

"போடா. கடைசி முட்டுக்கட்டையைத் தட்டிட்டுச் சீக்கிரம் வா."

"வந்தா தலைக்கு மாலையைத்தான் மாட்டிக்கணும் போல!"

தன் தொப்பியையும் சாக்கில் போட்டுவிட்டு, சிரித்தபடியே கப்பலுக்கடியில் போனான்.

கோமகன் தாமதமாக வந்தார். லூடெமான் பேசினார்: தம் பாட்டனார், அவருடைய பாட்டனார், ஜெர்மனியின் எதிர்காலம், அதில் தம்முடைய பங்கு. கோமகன் கண்ணயர்ந்தார். ஆறு கண்ணயரவில்லை. கடல் ஏற்றம் முடிந்து ஆற்று நீர் வடிந்தது. எதிர்க்கரைச் சேறு தலைகாட்டியது. இன்னும் சற்றுப் போனால் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும், அதுவும் கோமகன் முன்னால்.

"ஆகட்டும்யா!" என்று பல்லைக் கடித்தார் லூடெமான்.

டியர்க் குனிந்து கத்தினார். "எல்லாரும் வந்தாச்சா?"

வாத்தியங்கள் முழங்கின. கீழே ஒரு கை அசைந்தது. அது வாத்தியக்காரர்களை நோக்கி அசைந்த கை என்பது பிறகுதான் தெரிந்தது. பழக்கத்தில் ஆணிகளைப் பார்த்தார். ரோஜாக்கள். கையை உயர்த்தினார்.

கப்பல் வழுக்கிக்கொண்டு போய் நீரில் விழுந்தது. கைதட்டலில் கோமகன் விழித்துத் தாமும் தட்டினார்; அறிமுகமான மேஸ்திரிக்குக் கையுறையோடு இரண்டு விரல் நீட்டினார்.

கீழே ஆட்கள் சாக்கை அவிழ்த்து, ஆளுக்கொரு தொப்பியாக எடுத்துக்கொண்டு பீர்ப் பீப்பாய்ப் பக்கம் நகர்ந்தார்கள். அடியில் ஒன்று மிஞ்சியது. அதன் கிழிசலைப் பச்சை நூலால் தைத்தவள் ஹார்மின் மனைவி.

டியர்க் இறங்கி ஓடிவந்தார். கப்பல் போன தடத்தில், வழுக்குவதற்குப் பூசிய கொழுப்பும் ரத்தமுமாக, சுத்தியல் கிடந்தது. அதன் பிடியில் கையும் இருந்தது.

அவர் உயரத் தொப்பியைக் கழற்றினார்.

மேடையிலிருந்து லூடெமான் குரல் கொடுத்தார். "தொப்பியைப் போடுய்யா! படம் பிடிக்கிறாங்க."