அறுகாலரின் மூன்று கிழமை

றெக்சனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் வடையும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மரியமலர் வாங்கிய தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்தபடி மதிலோரம் நின்றாள். அவனுடைய அக்கா நிரோஷினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவளிடம் வந்து ஒரு பொலித்தீன் பையை நீட்டினாள். உள்ளே எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் பாதியில் உடைந்த சீப்பு ஒன்றும் இருந்தன.

"இது உங்கட விளையாட்டுச் சாமான் எண்டு நினைக்கிறன். அலுமாரிக்குள்ள கிடந்தது."

மரியமலர் வாங்கிக்கொண்டாள். நிரோஷினி போகவில்லை.

"தம்பியின்ர ஃபோனைப் பார்த்தனான். கொழும்பில பதினாறு நாள் கிடந்தவன். உங்கள் மூண்டு பேரில ஒருத்தருக்கும் ஒரு கோல் எடுக்க ஏலாமல் போச்சுதோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. ஆனால், 'உங்கள் தம்பி ஒரு பூச்சி, அவன் ஓடு கழற்றிக்கொண்டிருந்தான், அந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது' என்று கோயில் முற்றத்தில் நின்று எப்படிச் சொல்வது? கூப்பிட வேண்டாம் என்று அவன்தான் சொன்னான் என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"சொன்னால்?" என்றாள் நிரோஷினி. பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

அந்தப் பூச்சி பெற்றோல் வரிசையில் பிறந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன் மாதம், பெற்றோல் கிடைக்காமல் ஊரில் எல்லோரும் வாகனங்களை வரிசையில் விட்டுவிட்டு வீதியிலேயே குடித்தனம் நடத்திய காலம். மரியமலர் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். அவளுடைய ஸ்கூட்டிக்கு முன்னால் விஞ்ஞான ஆசிரியர் தனஞ்சயனின் மோட்டார் சைக்கிள். பின்னால் மருந்துக் கடையில் வேலை செய்யும் அம்ரா. அம்ராவுக்கும் பின்னால் றெக்சன். துறைமுகத்தில், நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்சில் இயந்திரம் பார்ப்பவன். இரண்டு பகலும் ஓர் இரவும் ஒரே நிழலில் இருந்தால் மனிதர்கள் சண்டை பிடிப்பார்கள், அல்லது விளையாடுவார்கள். தனஞ்சயனுக்குக் கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவன் ஒரு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள், ஒரு காரியம் பலிக்குமா இல்லையா என்பதைப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. அதில் வந்த பனிமலைகளும் கோட்டைகளும் இவர்களுக்கு ஒட்டவில்லை. எனவே, தூரத்து நிலவு ஒன்றில் ஆழமான கறுப்புத் துறைமுகம், அங்கே நட்சத்திரங்களிலிருந்து வரும் கப்பல்கள், மந்திரத்தால் ஓடும் இயந்திரங்கள் என்று தாங்களே ஓர் உலகம் செய்தார்கள். கதையை நடத்துவது மரியமலர் என்று முடிவாயிற்று.

றெக்சன் மட்டும் தனக்கு மனிதப் பாத்திரம் வேண்டாம் என்றான். வரிசையோரத்து வேம்பில் சில்வண்டு ஒன்று கழற்றிவிட்டுப் போன கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகு பிளந்து, உள்ளே ஒன்றுமில்லாமல், கால்கள் மட்டும் இன்னும் பட்டையை இறுக்கிப் பிடித்தபடி. அவன் அதை நோகாமல் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"ஆள் போயிட்டுது, உடுப்பு நிக்குது," என்றான்.

அப்படித்தான் அறுகாலர் வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை அவன் கொப்பியோடு வந்தான். அறுகாலருக்கு நிற்க இரண்டு, வேலை செய்ய இரண்டு, நெஞ்சோடு ஒட்டிய சின்னக் கைகள் இரண்டு. அந்தச் சின்னக் கைகளால் பாரம் தூக்க முடியாது, சிநேகிதரைப் பிடிக்க மட்டுந்தான். காது முழங்காலில். நிலத்தில் யார் நடந்தாலும், யார் இருந்தாலும், அந்தப் பாரம் முழங்காலுக்குக் கேட்கும். வாயால் பேசமாட்டார்கள், கைகளை உரசித்தான் பேச்சு. பொய் சொன்னால் ஓசை நடுங்கிவிடும். அவனுடைய பாத்திரத்தின் பெயர் கிரீ. உடைந்த சீப்பின் பற்களில் ஐந்து ரூபாய்க் குற்றியை இழுத்து, அந்தப் பெயரை அவன் ஓசையாகவே சொல்லிக் காட்டினான்.

பொய் சொல்ல ஏலாதவன் துறைமுகத்தில் எப்படிப் பிழைப்பான் என்று தனஞ்சயன் கேட்டதற்கு, அதனால்தான் லோஞ்சில் நான் வாயே திறக்கிறதில்லை, சேர், என்று றெக்சன் சொன்னான். அம்ரா சிரித்துத் தேநீரைக் கொப்பியில் கொட்டினாள். அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

மூன்று வருடம் சனிக்கிழமை பின்னேரங்களில் உட்துறைமுக வீதியில் மரியமலரின் வாடகை வீட்டு முன்னறையில் விளையாடினார்கள். ஒருநாள் வாசலில் காயவைத்த வரைபடத்தில் பாதியை ஊர் சுற்றும் மான் ஒன்று தின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த நிலவின் தெற்குப் பகுதி எவரும் அறியாத தேசமாகவே இருந்தது. சில சனிக்கிழமைகளில் மற்ற இருவரும் போன பிறகும் றெக்சன் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நிற்பான். அடுக்க இருந்தது நான்கு கதிரைகள். அதற்கு அவனுக்கு அரை மணித்தியாலம் தேவைப்பட்டது. அதைப் பற்றி இருவரும் கதைத்ததில்லை.

அறுகாலர் ஓடு கழற்றுவதற்கு அவன் ஒரு விதி எழுதியிருந்தான். மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், குகைக்குள் இருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், இளகிய கழுத்து அப்படியே இறுகிவிடும். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'ஆனால் கூட்டாளிகள் குகை வாசலில் இருக்க வேண்டும். வெளியில் இருப்பவரின் பாரம் முழங்காலுக்குக் கேட்கும். ஒருவரும் இல்லாவிட்டால் வெளியில் வரப் பலம் இருக்காது.'

முதல் முறை கிரீ ஓடு கழற்றியபோது, மேசையில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து அதுதான் குகை என்றார்கள். ஒரு சனிக்கிழமை முழுவதும் தனஞ்சயனும் அம்ராவும் அதன் முன்னால் சும்மா இருந்தார்கள். உருட்டப் பகடையில்லை, சொல்லக் கதையில்லை. அம்ரா கொட்டாவி விட்டாள். மரியமலர் சிவப்புப் பேனையை எடுத்து அந்த இரண்டாவது வரியை வெட்டினாள். கூப்பிடாமல் விட்டால் போதும், கதை நகர வேண்டாமா என்றாள். றெக்சன் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, ஓம், சரிதான் என்றான்.

மூன்றாம் வருடம் ஒரு வியாழக்கிழமை அவனிடமிருந்து செய்தி வந்தது. 'ஓடு கழற்றப் போறன். மூண்டு கிழமை. ஒருத்தரும் கூப்பிட வேண்டாம்.' வழமையாகச் சீப்பு ஓசையைப் பதிந்துதான் அனுப்புவான். அன்று எழுத்து மட்டும். அம்ரா ஒரு வண்டுப் படம் அனுப்பினாள். மரியமலர், 'விதி தெரியும்' என்று எழுதினாள்.

லோஞ்சில் வேலை கூடிவிட்டது, அல்லது புல்மோட்டைப் பக்கம் சொந்தக்காரரிடம் போயிருக்கிறான் என்று நினைத்தார்கள். ஏழாம் நாள் அம்ரா விடுதிக்கே வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் றெக்சன் கடையில் இருதயக் குளிசை வாங்கினான், மாமிக்கு என்றான், அவனுக்கு மாமி இருப்பதாக நான் கேள்விப்படவில்லை என்றாள்.

"ஒருக்கா எடுத்துப் பாப்பமா, மலரக்கா?"

மரியமலர் யோசித்தாள். கதிரை அடுக்க அரை மணித்தியாலம் எடுப்பவன், அவளுடைய பெயரையே இரண்டு தரம் விழுங்கிவிட்டுச் சொல்பவன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அதை மீறி முதலில் கூப்பிடுகிறவளாகத் தான் இருக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதை அம்ராவிடம் சொல்லவில்லை.

"விதி எண்டால் விதி," என்றாள்.

சிறு வயதில் வந்த காய்ச்சலால் பழுதான இருதய வால்வை மாற்ற அவன் கொழும்புக்குப் போயிருந்தான். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. பதினாறாம் நாள் விடியப்புறம் இறந்துபோனான். சவக்காலையில், அடக்கத்தின்போது, மரியமலர் கடைசி வரிசையில் நின்றாள். முன்னுக்கு நிற்பதற்குச் சொல்லக்கூடிய உறவு எதுவும் அவளிடம் இருக்கவில்லை.

பூசைக்கு அடுத்த கிழமை அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு டச்பேயில் இருந்த நிரோஷினியின் வீட்டுக்குப் போனாள். நிரோஷினி கதிரையைக் காட்டினாள். மரியமலர் பெற்றோல் வரிசையிலிருந்து தொடங்கினாள். சில்வண்டின் கூடு, சீப்பு, சிரட்டை, அம்ரா வந்தது, தான் மறித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். கேலியாகத் தோன்றிவிடுமோ என்று இடையில் நிறுத்திய ஒவ்வொரு முறையும் நிரோஷினி, சொல்லுங்கோ என்றாள். கடைசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இதை வெட்டினது நான்தான். வெட்டாமல் விட்டிருந்தால், அவன் எங்க போறான் எண்டு கேட்டிருப்பம். வந்திருப்பம்."

நிரோஷினி கோட்டுக்குக் கீழே இருந்த எழுத்துகளை மெதுவாக வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். அவளுடைய முகத்தில் கோபம் வரும் என்று மரியமலர் காத்திருந்தாள். அது வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வாட்டுக்குள்ள அரை மணித்தியாலந்தான் விடுவினம்," என்றாள் நிரோஷினி. "மிச்ச நேரம் வெளியில, சுவருக்கு அங்கால, இரும்புக் கதிரையில இருந்தனான். ஒருநாள் சொல்லுறான், அக்கா, நீங்க வெளியில இருக்கிறது எனக்கு முழங்காலில கேக்குது எண்டு. காய்ச்சல்ல பிசத்துறான் எண்டு நினைச்சன்."

அவள் கொப்பியை மூடவில்லை.

"பதினைஞ்சாம் நாள் நேர்ஸ் மிஸ்மார் சொல்லிச்சினம், போய்க் குளிச்சுப்போட்டு ஒரு கண் நித்திரை கொள்ளுங்கோ எண்டு. வத்தளையில சித்தி வீட்டை போனனான். அண்டைக்கு மட்டும் நான் இருக்கேல்லை."

தன் நெஞ்சிலிருந்து இறக்கி வைத்த கல்லை யாருடைய மடியில் வைத்திருக்கிறாள் என்பது மரியமலருக்கு அப்போதுதான் விளங்கியது. இது வெறும் விளையாட்டு அக்கா, அதில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல ஏலவில்லை. குசினியில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

போகும்போது, இந்தச் சனிக்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று நிரோஷினி கேட்டாள். கிரீ இன்னும் குகைக்குள் இருக்கிறான், அவனை என்ன செய்வதென்று நான்தான் சொல்ல வேண்டும் என்றாள் மரியமலர்.

"நானும் வரலாமோ?"

மூன்று சனிக்கிழமை. மேசையில் சிரட்டையைக் கவிழ்த்து, அதற்குள் உடைந்த சீப்பை வைத்து, நான்கு பேரும் சுற்றியிருந்தார்கள். மரியமலர் வெட்டிய வரியைக் கொப்பியின் அடுத்த பக்கத்தில் தன் கையால் திரும்ப எழுதியிருந்தாள். முதல் சனிக்கிழமை தனஞ்சயன் கதிரையில் நெளிந்துகொண்டே இருந்தார். இரண்டாவதில் அம்ரா அழுதாள், பிறகு ஓய்ந்தாள். இந்த முறை ஒருவரும் கொட்டாவி விடவில்லை. துறைமுகத்துக்குள் வரும் கப்பல் ஊதும்போது மேசை லேசாக அதிர்ந்தது.

மூன்றாம் சனிக்கிழமைக்கு முதல் நாள் அம்ரா தொலைபேசியில் கெஞ்சினாள். அவன் வெளியில் வரட்டுமே அக்கா, புது ஓட்டோடு தெற்குத் தேசத்துக்குப் போகட்டுமே, எங்கட கதைதானே, யாருக்கு நட்டம் என்றாள். மரியமலரும் அதைத்தான் நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வசனம் போதும். அவள் சொன்னால் அந்த நிலவில் அது நடந்துவிடும். மானின் வயிற்றுக்குள் போன அந்தத் தேசத்தில் அவன் யாருக்கும் தெரியாமல் வாழலாம்.

ஐந்து மணியானபோது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சிரட்டையை நிமிர்த்தினாள். சீப்பு கிடந்தது. அதைக் கையில் எடுத்து, சட்டைப் பையிலிருந்த குற்றியை அதன் பற்களில் ஒருமுறை இழுத்தாள். ஓசை நடுங்கியது. இந்தச் சீப்பை வைத்துக்கொண்டு, அவன் வெளியில் வந்தான் என்று சொல்ல முடியாது.

"கிரீ உள்ளுக்குள்ளேயே இறந்திட்டான்," என்றாள். "ஓடு பிளக்கேல்லை."

அம்ரா முக்காட்டால் வாயை மூடினாள். தனஞ்சயன் பகடையை எடுத்துத் தன் பெட்டிக்குள் போட்டார். நிரோஷினி மட்டும் சிரட்டை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளியில ஆள் இல்லாததாலயோ?"

மரியமலர் கொப்பியைப் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

"தெரியாது, அக்கா. எனக்கும் அதுதான் தெரியேல்லை."

நிரோஷினி தலையை ஆட்டினாள். வீதியில் பின்னேர பஸ் போனது. தனஞ்சயன் எழும்பித் தன் கதிரையைச் சுவரோரம் வைக்கத் தூக்கினார்.

"விடுங்கோ, சேர்," என்றாள் நிரோஷினி. "இன்னும் கொஞ்ச நேரம் இருப்பம்."

அவர் கதிரையைத் திரும்ப வைத்து, அதில் இருந்தார்.