பச்சைக் கொடி பறந்த சனிக்கிழமை

காலை ஏழரைக்கே ஹலினா வோய்சிக் பச்சைக் கொடி ஏற்றச் சொல்லிவிட்டாள். மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள போர்ட் ஆல்டர் ஊரில், தண்ணீர் குளிக்க உகந்ததா என்று கொடி வழியாகச் சொல்வதுதான் கோடை முழுக்க மாவட்ட அலுவலகத்தில் அவள் வேலை. ஏரித் தண்ணீரை ஆய்வகத்தில் வைத்துப் பாக்டீரியா எண்ணிக்கையைப் பார்க்க ஒரு நாள் ஆகும். அதற்குள் குளிக்க வந்தவர்கள் குளித்துவிட்டு வீட்டுக்கே போய்விடுவார்கள். அதனால் மழை, காற்று, அலை, கலங்கல் எல்லாவற்றையும் வைத்து அன்றைய எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லும் கணினிக் கணக்கு ஒன்றை ஐந்து வருடம் உழைத்து உருவாக்கியிருந்தாள். நூறு மில்லி தண்ணீரில் எண்ணிக்கை இருநூற்று முப்பத்தைந்தைத் தாண்டினால் சிவப்புக் கொடி. அன்று கணக்கு சொன்னது நூற்று நாற்பது.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முந்தின நாள் மழையில், ஏரியில் வந்து சேரும் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ஊரொன்றின் சாக்கடை நிரம்பி ஆற்றில் கலந்துவிட்டதாம். ஹலினா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். காலையில் தெற்கிலிருந்து அடித்த காற்று வடக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது. ஆறு ஏரியில் சேரும் இடம் குளிக்கும் கரைக்கு வடக்கே அரை மைல்கூட இல்லை.

கணக்கை மறுபடி ஓட்டினாள். நூற்றுத் தொண்ணூறு. இப்போதும் பச்சைதான்.

ஆனால் அது பாக்டீரியாவின் கணக்கு. வெயில் பட்டால் பாக்டீரியா சீக்கிரம் செத்துப்போகும். சாக்கடையோடு வரும் வைரஸ் அவ்வளவு லேசில் சாகாது. அதை அவள் கணக்கு பார்ப்பதே இல்லை. பதினொரு மணிக்குச் சிறுவர் நீச்சல் போட்டி. தொண்ணூறு பிள்ளைகள்.

காரை எடுத்தாள். ஒவ்வொரு சிக்னலிலும், திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. எண் பச்சை என்கிறது. தன் பயத்தை நம்பி ஊரையே நிறுத்துவதா?

கரையில் நீச்சல் காவலர்களின் தலைவன் டுவேன் விசிலைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

"என்ன தாயே, சனிக்கிழமைகூட உன் கம்ப்யூட்டர் உன்ன விடலையா?"

"டுவேன், கொடிய மாத்து. எல்லாரையும் வெளிய கூப்பிடு."

"சிவப்பு வந்திருச்சா?"

"இல்ல. பச்சைதான்."

அவன் சிரிப்பு நின்றது. "எண் பச்சைன்னா நான் என்னன்னு சொல்லி விரட்டுறது?"

"சாக்கடை கலந்திருக்கு. காத்து இந்தப் பக்கம் தள்ளுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவன் ஒலிபெருக்கியை அவள் கையில் திணித்தான். "அப்ப நீயே சொல்லு. திட்டு வாங்க எனக்கு வயசாயிருச்சு."

போட்டி இல்லை, எல்லாரும் கரையேறுங்கள் என்று அவள் அறிவித்தாள்; டுவேன் சிவப்புக் கொடியை ஏற்றினான். கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கோம்! காலைல நல்லா இருந்த தண்ணி இப்ப விஷமாயிருச்சா?" இன்னொருத்தி, "சூரியனையும் மூடிட்டுப் போங்க!" என்றாள். சிரிப்பலை எழுந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள்.

கடைசியாக ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். பெயர் ரோசன்னா. இரட்டைப் பிள்ளைகளைத் துண்டால் போர்த்திப் பிடித்திருந்தாள்.

"இவங்க ஒன்பது மணியிலிருந்து தண்ணில பழகிட்டு இருந்தாங்க, மேடம். பச்சைக் கொடி பார்த்துதான் விட்டேன். தண்ணிய முழுங்கியும் இருப்பாங்க. ஏதாவது ஆகுமா?"

"தெரியலைங்க," என்றாள் ஹலினா. பொய் சொல்ல வாய் வரவில்லை. தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். பிறகு முழங்கால் வரை இறங்கி, மூன்று பெரிய புட்டிகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டாள்.

ஒரு புட்டியை அன்றே ஆய்வகத்தில் கொடுத்திருந்தாள். ஞாயிறு காலை அதன் பாக்டீரியா முடிவு வந்தது: வெறும் தொண்ணூற்றாறு. டுவேன் கூப்பிட்டு, "ஊர்ல உன் பேர் நாறுது," என்றான். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. தான் கோழை, பிள்ளைகளின் போட்டியையே கெடுத்தவள் என்று தோன்றியது. அந்தப் பிள்ளைகளுக்காக அந்தக் குறைந்த எண்ணே சரியாக இருக்கட்டும் என்றும் மனசு வேண்டிக்கொண்டது.

திங்கள் காலை ரோசன்னா அழைத்தாள். "ராத்திரியிலிருந்து ரெண்டும் வாந்தி எடுக்குதுங்க. ஆஸ்பத்திரியில சலைன் ஏத்துறாங்க."

ஹலினா போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் பேசினாள். சீக்கிரமே வந்து நீந்திய பதினாறு பேரில் ஒன்பது பேருக்கு வாந்தி. கொடி மாறிய பிறகு வந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. மீதி இரண்டு புட்டிகளையும் வைரஸ் சோதனைக்காகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: குடலைப் பாதிக்கும் வைரஸ் இருந்தது, பிள்ளைகளுக்கு அதுதான் காரணம் என்று அறுதியிட முடியாது.

"நீ சொன்னதுதான் சரி," என்றான் டுவேன்.

"காலைல ஏழரைக்குச் சொன்னது சரியில்லையே."

ஆகஸ்டில் மாவட்டக் குழுவின் முன் நின்று அதையே சொன்னாள். எங்கே சாக்கடை கலந்தாலும் உடனே தனக்குத் தகவல் வர வேண்டும், எண் எதுவானாலும் மூன்று நாள் கரையை மூட வேண்டும் என்று கேட்டாள். கரையோர உணவுக்கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கடைசி வரிசையில் இருந்து ரோசன்னா எழுந்தாள்.

"இவங்க தனக்குத் தெரியாததத் தெரியாதுன்னே எங்ககிட்ட சொன்னாங்க. அந்த வார்த்தைய நம்பித்தான் மொத வாந்திக்கே பிள்ளைங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்," என்றாள்.

நான்குக்கு மூன்று என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்து காரில் உட்கார்ந்த ஹலினா, வண்டியைக் கிளப்பும் முன் கைபேசியை எடுத்து, மறுநாள் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்தாள்.