காலில் கீறிய நாடி

டொமினிக்கைப் பாம்பு கடிக்கவேயில்லை. ஆனால் அன்றைக்குத் தேற்றாத்தீவில் அதை நம்பிய ஒரேயொரு ஆள் டொமினிக்தான்.

பிழை அவனுடையதுதான். பிரான்சில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கப் போய், தமிழ் நோயாளிகளுக்கு வாயும் காதுமாக நின்று பாஷை பிடித்தவன். இப்போது ஊரிலிருந்தபடி பிரெஞ்சு வைத்திய அறிக்கைகளை இங்கிலீசாக்கிக் காலம் தள்ளுகிறான். அவனுக்கென்று ஒரு கோணல் பழக்கம் இருந்தது. அறிக்கையில் வருகிற இரத்தக்குழாயைத் தன் உடம்பில் பேனையால் கீறிப் பார்த்தால்தான் அவனுக்குச் சொல் பிடிபடும். நாடிக்குச் சிவப்பு, நாளத்துக்கு நீலம். அன்றைய அறிக்கை யாரோ ஒருவரின் வலது காலைப் பற்றியது. பேனை தோலில் வழுக்கியது. அயல்வீட்டுத் தங்கராசா அண்ணன் நெல்மூட்டையில் பேர் எழுதுகிற மாக்கர் இரண்டையும் இரவல் வாங்கி, தொடையிலிருந்து புறங்கால் வரை தாராளமாக இழுத்தான். பிறகு காற்று வாங்க வாவிக்கரைக்குப் போய், சாரனைச் சுருட்டிக்கொண்டு தாழை நிழலில் சாய்ந்தவன் அப்படியே உறங்கிப்போனான்.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியால் வந்த தங்கராசா கண்டது, சிவப்பும் நீலமுமாய்க் கிளைவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை.

"டொமினிக்! ஒழும்புடா! விசம் தொடைக்கு ஏறிட்டுதடா!"

அரைத் தூக்கத்தில் டொமினிக் வாய் திறந்தான். "பொப்லித்தே... பெடியூஸ்..." என்றான். முழங்கால் மடிப்பு நாடிக்கும் புறங்கால் நாடிக்கும் பிரெஞ்சுப் பேர்கள் அவை. தங்கராசாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"பினாத்தவும் தொடங்கிட்டான்!" தலைத்துண்டால் தொடையை நெரித்துக் கட்டி, மோட்டார் சைக்கிளில் தூக்கி வைத்தார்.

"அண்ணே, இது உங்கட மாக்கர்!"

"ஓம், ஓம், என்ட மாக்கர்தான். நீ பேசாத. பேசினா விசம் ஏறும்."

ஆஸ்பத்திரியில் இளவயசு டொக்டர் பிள்ளையொருத்தி ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தாள். பஞ்சு சிவந்தது. காலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "நல்லாத்தான் கீறியிருக்கிறீங்க. ஆனா புறங்கால் நாடி இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்குள் ஊரில் கோயில் ஒலிபெருக்கி டொமினிக்குக்காகச் செபமாலை சொல்லும்படி கேட்டிருந்தது. அதைக் கேட்டவர்களின் வாட்ஸ்அப் வழியே செய்தி பாரிசுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

பாரிசில் அஞ்சலா இருந்தாள். அவன் பெண்சாதி. இருதய வார்டில் வேலை. அவனுடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது அவன் மட்டும் ஊருக்கு வந்தான். வந்த இடத்தில் பிரெஞ்சு வதிவிட அட்டை காலாவதியாகி, திரும்பிப் போக வழியில்லாமல் போனது. அம்மாவும் போய்விட்டா. அவன் இஞ்ச, அவள் அங்க.

ஒவ்வொரு ஞாயிறும் அவன்தான் போன் எடுப்பான். எடுக்க ஒரு சாட்டு வேண்டுமே, ஏதாவதொரு வைத்தியச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பான். போன கிழமை கேட்டது, இருதயத்தின் முன்பக்க நாடி. பிரெஞ்சுக்காரன் அது கிடக்கிற இடத்தை வைத்துப் பேர் வைத்திருக்கிறான், இரண்டு அறைக்கும் நடுவில் என்று. இங்கிலீசுக்காரனோ அது போகிற போக்கை வைத்து, இடப்பக்கமாய் முன்னால் இறங்குகிறது என்று. அவனுக்கு இது தண்ணிபட்ட பாடு. ஆனாலும் அவள் அதைப் பொறுமையாய் விளக்கும்போது, பாடம் ஏறாத பொடியனைப்போல "ஆ, அப்பிடியா கா" என்பான். வைக்கப்போகிற நேரத்தில்தான் உண்மையான கேள்வி வரும். "எப்ப வாறாய்?"

"பாப்பம்" என்பாள். அந்தச் சொல்லை மட்டும் எந்தப் பாஷைக்கும் மாற்ற அவனால் முடியவில்லை.

இன்று அவளே எடுத்தாள். வீட்டுப் படலையைத் திறக்கும்போதே போன் அடித்தது.

"என்ன பாம்பு? மருந்து ஏத்தினாங்களா? ஆர் பக்கத்தில நிக்கிற?" குரல் உடைந்திருந்தது.

எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவனுக்காக உடைந்த குரல். நாகம் என்று சொன்னால் என்ன என்று ஒரு கணம் யோசித்தான். புடையன் பாம்பு என்றால் இந்த அக்கறை இன்னும் இரண்டு நாள் தாங்கும். ஆனால் மனம் கேட்கவில்லை. மாக்கர் கதையைச் சொன்னான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பழைய சிரிப்பு. பழைய பழக்கமும் அவனுக்குத் தானாக வந்தது.

"அது கிடக்கட்டும் கா. பெடியூஸுக்கு இங்கிலீசில என்ன சொல்ற?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கா?"

"எல்லாம் தெரியும். முதல் நாள் கேக்கக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு."

"மறுகா ஏன் சொல்லித் தந்தாய்?"

"நீங்க கேட்டீங்க. சொன்னன்."

அவன் படிக்கட்டில் குந்தினான். ஸ்பிரிட்டுக்கும் போகாத சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தான். டொக்டர் பிள்ளை சொன்னதுபோல் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிப் பார்த்தான். அங்கேதான் துடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப எனக்கு உண்மையாவே தெரியாத ஒண்டு கேக்கிறன். வருவியா? பாப்பம் எண்டு மட்டும் சொல்லாத."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு நல்ல தெளிவான குரலில் சொன்னாள்:

"வரமாட்டன். உங்கள வேணாமெண்டு இல்ல. ஆனா நான் அங்க வரமாட்டன்."